வளைய நெபுலா (எம் 57) எப்படி உருவானது, எப்படிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைய நெபுலா வானில் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

முதிய விண்மீன் ஒன்று உதிர்த்த வாயு மேகம் ஒளிர்வதே வளைய நெபுலா; இந்த வகைக்குக் கோள் நெபுலா என்று பெயர். இது யாழ் விண்மீன் மண்டலத்தில் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் அபிஜித் என்று வரும் வேகா விண்மீனுக்குத் தென்கிழக்கே 6 பாகைக்குச் சற்று அதிகமான தூரம். வான்பொருள் பட்டியல்களில் எம் 57 என்றும் என்ஜிசி 6720 என்றும் காணலாம். ஒளிப்பொலிவு 8.8 (எண் கூடக் கூட மங்கல்), ஆகவே வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

விண்மீன்களின் தொலைவை அளந்த கையா விண்கலத்தின் அளவீட்டின்படி தொலைவு ஏறத்தாழ 2,570 ஒளியாண்டு. பிரகாசமான வளையத்தின் நீளவாட்டு அகலம் சுமார் 84 வில்நொடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி). அந்தத் தொலைவில் இது ஒரு ஒளியாண்டுக்குச் சமம். சூரியனிலிருந்து நெப்டியூனுக்கு ஒளி போய்ச் சேர நான்கு மணி நேரம்தான் ஆகும். இந்த வளையத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஒரு முழு ஆண்டு வேண்டும்.

"கோள் நெபுலா" என்கிறார்களே, கோள்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரு தொடர்பும் இல்லை. பிரான்ஸின் வானியலாளர் சார்ல் மெசியே 1779 ஜனவரி 31 அன்று ஒரு வால்மீனைப் பின்தொடர்ந்தபோது இதைக் கண்டார். சில நாட்களில் அதே வால்மீனைத் தேடிய அந்துவான் தார்க்கியேயும் பார்த்தார். மங்கிக்கொண்டிருக்கும் ஒரு கோளைப் போல இருக்கிறது என்று எழுதிவைத்தார். 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், சின்ன வட்டத் தட்டாகத் தெரிந்த இத்தகைய பொருள்களுக்கு 1780-களில் இந்தப் பெயரைச் சூட்டினார். தொலைநோக்கியில் தெரிந்த உருவத்தை வைத்து இட்ட பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

புதிதாகப் படிப்பவர்களை இந்தப் பெயர் நன்றாகவே குழப்புகிறது. கோள்கள் பிறப்பது இளம் விண்மீனைச் சுற்றிய தட்டில். கோள் நெபுலா தோன்றுவதோ விண்மீனின் முதுமையில்.

விண்மீன் வெடித்ததால் உருவானதா?

இல்லை. பாடநூல் படங்களின் கீழேகூட இந்தத் தவறு அச்சாகிறது. சூப்பர்நோவா வெடிப்பில் பொருள் நொடிக்குப் பல ஆயிரம் கி.மீ. வேகத்தில் சிதறும். வளைய நெபுலாவின் வாயு நொடிக்கு 20 முதல் 30 கி.மீ. வேகத்தில்தான் விரிகிறது. நடுவில் விண்மீனின் கருவும் சேதமில்லாமல் இருக்கிறது. வெடிப்பு என்பதைவிட உதிர்தல் என்பதே பொருத்தமான சொல்.

அப்படியானால் எப்படித்தான் உருவானது?

தொடக்கத்தில் இருந்தது சூரியனைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நிறை கொண்ட ஒரு சாதாரண விண்மீன் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கருவில் ஹைட்ரஜனை ஹீலியமாக்குவதிலேயே கழிந்தது. கருவில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் கரு சுருங்கிச் சூடேறியது. அதைச் சுற்றிய ஓட்டில் ஹைட்ரஜன் எரிய, வெளிப்பகுதி ஊதிப் பெருத்தது. இதுதான் செம்பெருமீன் நிலை. கருவின் வெப்பம் 10 கோடி கெல்வினை எட்டியபோது ஹீலியம் பற்றிக்கொண்டு கார்பனாகவும் ஆக்ஸிஜனாகவும் மாறத் தொடங்கியது. அதுவும் தீர்ந்தபின் விண்மீன் இரண்டாம் முறை பெருத்தது. கதையின் திருப்பம் இந்த இரண்டாம் வீக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது விண்மீனின் அமைப்பைப் பாருங்கள். நடுவில் பூமி அளவிலான கார்பன், ஆக்ஸிஜன் கரு. அதன்மேல் ஹீலியம் எரியும் மெல்லிய ஓடு, அதற்கும் மேல் ஹைட்ரஜன் எரியும் ஓடு. இவற்றைப் போர்த்திக்கொண்டு, பூமியின் சுற்றுப்பாதை அளவுக்கு விரிந்த, மிக நெகிழ்ந்த உறை. ஹீலியம் ஓடு ஒரே சீராக எரிவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை குபீரென்று பற்றி அடங்கும். அந்தக் கொந்தளிப்பில் உள்ளே சமைந்த கார்பனும் வேறு தனிமங்களும் மேற்பரப்புக்குக் கிளறிவிடப்படுகின்றன. இதற்குக் கண்கூடான சாட்சி உண்டு. வானியலாளர் பால் மெரில் 1952-இல் இத்தகைய விண்மீன்களின் நிறமாலையில் (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பட்டையில்) டெக்னீசியத்தைக் கண்டார். அந்தத் தனிமத்தின் எந்த வகையும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. விண்மீனின் வயதோ கோடிக்கணக்கான ஆண்டுகள். ஆகவே அது அங்கேயே, அண்மையில் உருவானதாகத்தான் இருக்க வேண்டும்.

உறை எப்படிக் கழன்றது? விண்மீன் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு ஒருமுறை விம்மித் தணிந்தபடி இருக்கிறது. ஒவ்வொரு விம்மலும் கொஞ்சம் வாயுவை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட வாயு 1,500 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்ததும் அதில் புகைக்கரி போன்ற, மணல் போன்ற நுண்தூசு உறைகிறது. விண்மீனின் ஒளி அந்தத் தூசைத் தள்ளுகிறது. தூசு தன்னோடு வாயுவையும் இழுத்துச் செல்கிறது. நொடிக்கு 10 முதல் 20 கி.மீ. வேகத்தில் நிதானமான ஒரு காற்று கிளம்புகிறது. கடைசிக் கட்டத்தில் இந்தக் காற்று ஆண்டுக்குச் சூரிய நிறையில் லட்சத்தில் ஒரு பங்கு, சில விண்மீன்களில் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை அள்ளிப் போகிறது. எரிந்து தீரும் எரிபொருளைவிட ஊதிப் போகும் வாயு மிக அதிகம். விண்மீனின் ஆயுளை முடித்துவைப்பது அடுப்பு அல்ல, இந்தக் காற்றுதான்.

உறை ஏறக்குறைய முழுதும் போனதும் எஞ்சிய மெல்லிய படலம் சுருங்குகிறது, சூடான கரு வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. மேற்பரப்பு வெப்பம் 3,000 கெல்வினிலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. மொத்த ஒளிர்வு மட்டும் மாறுவதில்லை. 25,000 முதல் 30,000 கெல்வினைத் தாண்டும்போது, ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் அளவு வலுவுள்ள புற ஊதா ஒளி போதுமான அளவில் வெளிவருகிறது. முன்பே வெளியேறி இருட்டில் விரிந்துகொண்டிருந்த வாயு அப்போதுதான் அயனியாகி ஒளிர்கிறது. வாயு போனது முதலில், விளக்கு எரிந்தது பிறகு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் கோள் நெபுலா பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மெதுவாகப் போன வாயு ஏன் புகைபோலப் பரவிவிடாமல் கூரான விளிம்போடு நிற்கிறது?

சூடான கருவிலிருந்து இரண்டாவது காற்று ஒன்று வீசுகிறது. நிறையில் அற்பம், ஆனால் வேகம் நொடிக்கு 1,000 கி.மீ.க்கும் மேல். அது முன்னே போகும் மெதுவான காற்றைப் பின்னாலிருந்து மோதி, பனியை வாரும் பலகைபோல ஒரு ஓடாகக் குவிக்கிறது. சன் குவாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். புற ஊதா ஒளி சூடாக்கிய வாயுவின் அழுத்தமும் இந்த வேலையில் பங்குபெறுகிறது.

எல்லா விண்மீன்களும் கோள் நெபுலா ஆகுமா?

பொதுவாகச் சூரிய நிறைபோல் 1 முதல் 8 மடங்கு வரையுள்ளவை இந்த வழியில் போகின்றன. அதற்கு மேற்பட்டவற்றின் கரு இரும்புவரை எரிந்து குலைகிறது.

ஆனால் அந்த எல்லைக்குள் இருந்தாலே நெபுலா தெரியும் என்று சொல்ல முடியாது. இரண்டு கடிகாரங்கள் பொருந்திவர வேண்டும். ஒன்று, வாயு கலைந்து போகும் காலம். மற்றது, கரு சூடேற எடுக்கும் காலம். நிறை குறைந்த கரு மிகவும் மெதுவாகச் சூடேறினால், விளக்கு எரியும்போது எதிரே ஒளிர வாயு இருக்காது. நிறை மிகுந்த கரு வேகமாகச் சூடேறி வேகமாகவே மங்கிவிடும். நெபுலா சிறிது காலமே பளிச்சிடும். இன்று நம் பால்வழியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோள் நெபுலாக்கள் அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் இந்தப் பொருத்தம் வாய்த்ததால் நம் கண்ணில் பட்டது.

விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு மனித ஆயுளுக்குள் காட்டியது திருக்கை நெபுலா என்ற இன்னொரு கோள் நெபுலா. அதன் நடு விண்மீன் 1971-க்கும் 2002-க்கும் இடையே 20,000 கெல்வின் அளவிலிருந்து 60,000 கெல்வினுக்குச் சூடேறி, பிறகு குளிர ஆரம்பித்தது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1996-இலும் 2016-இலும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் நெபுலா மங்கிப்போனது தெளிவாகத் தெரிகிறது.

நடுவில் உள்ள விண்மீனைப் பற்றி என்ன தெரியும்?

மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 1,25,000 கெல்வின். ஒளிர்வு சூரியனைப்போல் சுமார் 200 மடங்கு, நிறை சூரியனில் ஏறத்தாழ 0.6 பங்கு, அகலமோ பூமியைப்போல் சில மடங்குதான். ஹைட்ரஜன் ஓடு அணைந்துவிட்டது. இனி மங்கிச் சுருங்கி வெண்குறுமீனாக, அதாவது எரிபொருள் தீர்ந்த சிறிய அடர்ந்த கருவாக, குளிர வேண்டியதுதான்.

அது மேலும் நொறுங்கிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: 1930-இல் 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னையில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் தொடங்கிய கணக்கு இதற்கு விடை தருகிறது. வெண்குறுமீன் தாங்கக்கூடிய மேல் எல்லை சுமார் 1.4 சூரிய நிறை. 0.6 அதற்கு வெகு கீழே; இந்தக் கரு காலாகாலத்துக்கும் நிலையாக இருக்கும்.

உண்மையிலேயே மோதிரம் போன்ற வளையமா?

தோற்றத்தை நம்ப வேண்டாம். மத்தளத்தின் இரண்டு தோல்களையும் கழற்றிவிட்டு ஒரு முனை வழியாக உள்ளே பாருங்கள்: சுற்றுச்சுவர் வளையமாகத் தெரியும், நடுவில் வெளிச்சம் இருக்கும். வளைய நெபுலாவையும் நாம் ஏறத்தாழ அப்படித்தான் அதன் அச்சு வழியே பார்க்கிறோம். நடுப்பட்டையில் வாயு அடர்த்தியாகத் திரண்டு பிரகாசமான வளையமாகிறது. இரண்டு முனைகளிலும் அடர்த்தி குறைந்த வாயு நம்மை நோக்கியும் நமக்கு எதிர்ப்புறமாகவும் நீண்டு கிடக்கிறது. நடுப்பகுதி காலி அல்ல. அங்கே மிகுந்த அளவில் அயனியான ஹீலியம் நிறைந்திருக்கிறது.

பக்கவாட்டிலிருந்து பார்க்க முடிந்தால் இதே பொருளை யாரும் வளையம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

படங்களில் உள்ள நிறங்கள் உண்மையானவையா?

ஒவ்வொரு நிறமும் ஓர் உண்மையான அளவீடு, ஆனால் கண் காண்பது அது அல்ல. ஹபிள் 1998-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் நீலம் ஹீலியத்துக்கு, பச்சை ஆக்ஸிஜனுக்கு, சிவப்பு நைட்ரஜனுக்கு ஒதுக்கப்பட்டவை. நடுவில் நீலம், இடையில் பச்சை, விளிம்பில் சிவப்பு என்று அடுக்கு அடுக்காக அமைவதற்குக் காரணம் இருக்கிறது. ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானைப் பிய்க்க 54.4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு) வேண்டும். அந்த வலுவுள்ள ஒளி விண்மீனுக்கு அருகிலேயே செலவாகிவிடும். ஆக்ஸிஜனின் இரண்டாவது எலக்ட்ரானுக்கு 35 போதும். அது இன்னும் வெளியே எட்டுகிறது. வலு குறைந்த மிச்ச ஒளிதான் விளிம்பிலுள்ள நைட்ரஜனுக்குக் கிடைக்கிறது. ஒரே வாயுதான், வெளியே போகப் போகக் கிடைக்கும் ஒளியின் வலு குறைகிறது.

பச்சைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. வில்லியம் ஹக்கின்ஸ் 1864 ஆகஸ்ட் 29 அன்று பூனைக்கண் நெபுலாவை நிறமாலைகாட்டியில் பார்த்தார். விண்மீன்களைப்போல வானவில் பட்டை வரவில்லை, தனித்த ஒளிக்கோடு வந்தது. கோள் நெபுலா என்பது நெருங்கிய விண்மீன்களின் கூட்டமல்ல, வாயுதான் என்று அந்தக் கணத்திலேயே உறுதியானது. ஆனால் 500.7 நானோமீட்டரில் உள்ள அந்தக் கோடு எந்த ஆய்வகத்திலும் கிடைக்காததால் "நெபுலியம்" என்ற புதிய தனிமத்தையே கற்பித்தார்கள். 1927-இல் ஐரா போவன் புதிரை அவிழ்த்தார். அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜன்.

ஆய்வகத்தில் ஏன் வரவில்லை? மோதலால் கிளர்ந்த அந்த ஆக்ஸிஜன் அயனி, ஒளியை வெளியிடச் சராசரியாக அரை நிமிடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன செ.மீ.க்குள் 25-ஐ எழுதிப் பின்னால் 18 சுழியம் போட்ட எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. ஆய்வகக் குழாயில் காற்றை எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும், அயனி காத்திருக்கும் நேரத்துக்குள் மோதல்கள் அதன் ஆற்றலைப் பறித்துவிடும். வளைய நெபுலாவில் ஒரு கன செ.மீ.க்குச் சில நூறு துகள்களே இருப்பதால் அயனி பொறுமையாக ஒளிர முடிகிறது. இந்த ஒளிதான் ஆற்றலை வெளியே கடத்தி, நெபுலாவின் வெப்பத்தை 10,000 கெல்வின் அளவிலேயே பிடித்துவைக்கிறது.

வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நீங்களே செய்து பார்க்கலாம். வளையத்தின் ஆரம் அரை ஒளியாண்டு, அதாவது சுமார் 4.7 லட்சம் கோடி கி.மீ. நொடிக்கு 25 கி.மீ. என்றால் ஓர் ஆண்டில் 79 கோடி கி.மீ. வகுத்தால் 6,000 ஆண்டு. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் வளையம் நூறு ஆண்டுக்கு ஒரு வில்நொடி அளவில் விரிவது தெரிகிறது. அதிலிருந்து 4,000 ஆண்டுக்குச் சற்று மேலாக வருகிறது.

இரண்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம், வாயு எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் போகவில்லை, தொடக்கத்திலிருந்து ஒரே வேகத்தில் வரவும் இல்லை. 4,000 முதல் 6,000 வரை என்று வைத்துக்கொள்வது நியாயம். இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நாம் காண்பது 2,570 ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி புதிதாக என்ன காட்டியது?

2023 ஆகஸ்டில் வெளியான அகச்சிவப்புப் படங்களில் வளையத்துக்குள் சுமார் 20,000 அடர்ந்த முடிச்சுகள் தெரிந்தன. அவை மூலக்கூறு ஹைட்ரஜன் செறிந்தவை. கடுமையான புற ஊதா ஒளியில் மூலக்கூறுகள் உடைந்துபோக வேண்டும். முடிச்சின் முகப்பு அடிவாங்கிக்கொள்ள, உட்பகுதி நிழலில் தப்பிக்கிறது.

அதைவிட அரிய செய்தி, வளையத்துக்கு வெளியே மங்கலாகப் பரவிய வெளி ஒளிவட்டத்தில் இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து வில்கள், ஏறத்தாழ 280 ஆண்டுக்கு ஒன்று என்ற இடைவெளியில். தனி விண்மீன் ஒன்றுக்கு அப்படி ஒரு தாளக்கட்டு கிடையாது: விம்மல் ஓராண்டுக்கு ஒருமுறை, ஹீலியம் ஓட்டின் கொந்தளிப்பு பல்லாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை. சூரியனிலிருந்து புளூட்டோ இருக்கும் அளவு தொலைவில் ஒரு துணை விண்மீன் சுற்றிவந்து, வெளியேறும் காற்றை ஒவ்வொரு சுற்றிலும் கலக்கியிருக்கலாம் என்பதே இப்போது முன்வைக்கப்படும் விளக்கம். புளூட்டோவின் ஓர் ஆண்டு நமக்கு 248 ஆண்டு என்பதை நினைத்தால் கணக்கு பொருந்திவருகிறது.

நம் சூரியனும் இப்படி ஆகுமா?

சுமார் 500 கோடி ஆண்டுக்குப் பிறகு செம்பெருமீனாகும், உறையை உதிர்க்கும், அதில் ஐயமில்லை. ஒளிரும் நெபுலா அமையுமா என்பதுதான் விவாதம், ஏனென்றால் சூரியன் மேலே சொன்ன இரண்டு கடிகாரப் பொருத்தத்தின் விளிம்பில் நிற்கிறது. 2018-இல் வந்த கணக்குகள் மங்கலான ஒன்று அமையும் என்கின்றன.

வளைய நெபுலா இன்னும் எவ்வளவு காலம் இருக்கும்?

ஒரு கோள் நெபுலாவின் மொத்த ஆயுளே 10,000 முதல் 20,000 ஆண்டு. வாயு விரிய விரிய மங்கி, விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெளியில் கலந்துவிடும். கூடவே அதில் உள்ள கார்பனும் நைட்ரஜனும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பார்க்க முடியுமா? எப்போது?

தாராளமாக. உச்சத்தில் சென்னையில் 70 பாகை, கன்னியாகுமரியில் 65, யாழ்ப்பாணத்தில் 67 பாகை உயரத்தில் வடக்குப் பக்கம் நிற்கும். ஆகஸ்ட் நடுவில் இரவு 9.20 மணியளவிலும் செப்டம்பர் நடுவில் 7.20 மணியளவிலும் உச்சிக்கு வரும். அந்த மாதங்களில் மேகம் தொல்லை கொடுத்தால் ஏப்ரல், மே விடியற்காலைகளைப் பயன்படுத்துங்கள். மே நடுவில் 3.20-க்கு உச்சத்தில் இருக்கும், வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் உருப்பெருக்கம் போதாததுதான். 10x50 இருகண்நோக்கியில் இது ஒரு சாதாரண விண்மீன் புள்ளி. பார்த்துவிட்டு அறியாமலே கடந்துபோவீர்கள்.

வேகாவுக்குக் கீழே ஒரு சின்ன இணைகரம் இருக்கும். வேகாவுக்கு எட்ட உள்ள முனைகளில் இருப்பவை ஷெலியாக், சுலபாத். நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம், சுமார் 2 பாகை இடைவெளி. ஷெலியாக்கிலிருந்து சுலபாத்தை நோக்கி ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில் நெபுலா. 1,200 மி.மீ. குவியத் தூரமுள்ள 6 அங்குலத் தொலைநோக்கி என்றால் முதலில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டு (48 மடங்கு) ஷெலியாக்கை நடுவில் வையுங்கள். அங்கிருந்து மெல்ல நகர்த்துங்கள். குவியம் சரிசெய்த பிறகும் கூராகாமல் சற்றே ஊதிய ஒரு "விண்மீன்" வந்தால் அதுதான். 10 மி.மீ. ஐபீஸுக்கு (120 மடங்கு) மாறினால் ஓட்டை தெரியும்.

நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்றுப் பக்கத்தில் நிறுத்துங்கள். விழித்திரையின் ஓரம் மங்கலான ஒளிக்குக் கூர்மையானது. அதற்கு முன் இருபது நிமிடம் கைப்பேசித் திரையைத் தொடக்கூடாது. ஊர் வெளிச்சம் இருந்தால் மேலே சொன்ன ஆக்ஸிஜனின் பச்சை ஒளியை மட்டும் விடும் ஆக்ஸிஜன்-3 வடிகட்டி நன்றாக உதவும். பொதுவான "ஒளிமாசு" வடிகட்டிகள் எல்இடி தெருவிளக்குக்கு முன் பெரிதாக எடுபடுவதில்லை. பணத்தை முதலில் பெரிய ஆடிக்குச் செலவிடுவது மேல்.

நிறம் எதிர்பார்க்காதீர்கள். சாம்பல் நிறப் புகை வளையமாகத்தான் தெரியும்.

நடு விண்மீன் தெரியுமா?

அதன் ஒளிப்பொலிவு 15.7 அளவில். வெறுங்கண் எல்லையைவிடச் சுமார் 8,000 மடங்கு மங்கல். கண்ணால் காண 14 அல்லது 16 அங்குல ஆடி, 300 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம், காற்றுக் கொந்தளிப்பு இல்லாத இரவு மூன்றும் வேண்டும். வளையத்தின் உட்பகுதியே லேசாக ஒளிர்வதால் பின்னணியும் எதிரியாகிறது. ஆனால் 6 அங்குலத் தொலைநோக்கியில் படம் எடுத்தால் எளிதாகவே பதிவாகும்.

படம் எடுக்கும்போது வளையம் வெள்ளைத் திட்டாகிவிடுகிறதே?

ஒவ்வொரு படத்துக்கும் நேரம் அதிகமாகிவிட்டது. வளையம் சிறியது, ஆனால் பரப்பளவில் பிரகாசமானது. 10 நொடிப் படங்கள் நூறு எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். 750 மி.மீ. குவியத் தூரமும் 3.8 மைக்ரான் படப்புள்ளியும் இருந்தால் வளையம் 80 புள்ளி அகலம் வரும், 50 மி.மீ. கேமரா வில்லையில் ஐந்தே புள்ளி, அதில் ஓட்டை தெரியாது. வெளி ஒளிவட்டம் வேண்டுமானால் கதை வேறு: ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டியோடு பல மணி நேரம் தனியாக எடுத்து, குறுநேரப் படங்களின் வளையத்தை அதன்மேல் சேர்க்க வேண்டும்.